சாப்பிட்டாயா? என்ன கறி?

ஒருவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றால் நாம் முதலிற் சொல்வது என்ன? "வாருங்கள்" என்கிறோம், "இருங்கள்" என்கிறோம். அடுத்து, அவர் வந்த காரியம் யாது என்று அறிவதற்கு முன்னரே, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டுவிடுகிறோம். பிற்பகல் மூன்று மணிக்கு வந்தவரிடமும் இதே கேள்விதான். இதனை நமக்கு எவரும் கற்பித்ததில்லை. தாய் கேட்டதைக் கேட்டு நாமும் கேட்கிறோம், அவ்வளவே.

ஆனால் இந்தக் கேள்வியைக் கொப்பியில் எழுதி, மனனஞ் செய்து, உரத்துச் சொல்லிப் பழகும் இளைஞர் சிலரை அண்மையிற் கண்டோம். அவர்கள் மனனஞ் செய்தது தமிழில் அன்று, கொரிய மொழியில்!

நாம் கண்ட இடம் சல்லி. திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை ஒட்டிக் கடலோரத்தில் அமைந்த சிற்றூர் அது. கடற்றொழிலும் முத்துமாரியம்மன் கோயிலும் அவ்வூரின் இரு கண்கள். அம்மனைத் தரிசித்துவிட்டு, பழகிய அன்பர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றோம். விறாந்தையிலே பாய் விரித்து நான்கு இளைஞர் அமர்ந்திருந்தனர். தென்கொரியாவில் வேலைபார்த்துத் திரும்பிய அந்த அன்பர் அவர்களுக்கு ஆசிரியராக வீற்றிருந்தார்.

"பம் மொகொஸ்ஸொயோ?" என்று அவர் சொல்ல, நால்வரும் ஒரே குரலில் "பம் மொகொஸ்ஸொயோ?" என்றனர்.

உள்ளேயிருந்து ஆச்சி ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஆரையடா மொக்கன் எண்டு சொல்லுறியள்?"

"மொக்கன் இல்லை ஆச்சி. சாப்பிட்டாச்சோ எண்டு கேக்கிறது."

ஆச்சி சிறிது நேரம் யோசித்தார். "இதைக் கேக்கவும் படிக்க வேணுமோ?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இளைஞர்கள் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். எனினும் ஆச்சி விடுத்த வினா நம்மை விடவில்லை. அதற்கு விடை தேடுவதே இவ்வாரத்துக்கான நம் வேலை.

சல்லி இளைஞருக்குக் கொரிய மொழி எதற்கு என்று வாசகர் வினவலாம். தென்கொரிய அரசு 2004-ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதல் ‘வேலை அனுமதி முறை’ என்ற ஏற்பாட்டை நடத்தி வருகிறது. தொழிலாளரை அனுப்ப முதன்முதலில் உடன்பாடு செய்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. 18 முதல் 39 வயது வரையுள்ளவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். இடைத்தரகர் கையில் பணத்தைக் கொட்டிப் போகும் வழி இதுவன்று. அரசுக்கும் அரசுக்கும் இடையிலான ஏற்பாடு. நம் நாட்டில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இதனைக் கவனிக்கிறது. முதல் வாசல் கொரிய மொழிப் பரீட்சை. வாசித்தல், கேட்டல் என்னும் இரண்டும் அதில் உண்டு. தேறியோர் தொழிற்சாலையிலோ, கட்டட வேலையிலோ, தோட்டத்திலோ, மீன்பிடியிலோ சேரலாம். முதலில் 3 ஆண்டு. நீடிப்புக் கிடைத்தால் மேலும் 1 ஆண்டு 10 மாதம். ஆக, ஒரு தாய் தன் மகனை ஏறத்தாழ ஐந்து ஆண்டுக்கு அனுப்பிவைக்க வேண்டியிருக்கிறது.

அந்நியர் நாட்டில் அத்தனை காலம் வாழப் போகிறவன் முதலிற் கற்கும் பாடம் என்ன? உபசார மொழிகள். அவற்றைச் சற்று உற்றுப் பார்ப்போம்.

கொரியர் ஒருவரையொருவர் கண்டவுடன் "அன்னியோங் ஹாசேயோ" என்கின்றனர். அன்னியோங் என்பது சீன எழுத்துக்களின் வழியாக அம்மொழிக்கு வந்த சொல். அமைதி, குறையற்ற வாழ்வு என்பது அதன் பொருள். "நீங்கள் அமைதியாக இருக்கிறீர்களா?" என்பதே அவ்வாழ்த்தின் உட்பொருள். கேள்வி போன்ற அதற்கு விடையும் அதே சொற்றொடர்தான். நம்மூர்ச் சந்தையிலே காலையில் நின்று பாருங்கள். தமிழர் "வணக்கம்" என்று பணிவைச் சொல்கிறார். சிங்களவர் "ஆயுபோவன்" என்று நீண்ட ஆயுளை வாழ்த்துகிறார். முஸ்லிம் சகோதரர் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று சாந்தியை வேண்டுகிறார். கொரியரின் வாழ்த்து இந்தக் கடைசி வாழ்த்துக்கு அண்மையில் நிற்கிறது. திருகோணமலையிலே பிறந்தவனுக்கு அதன் கருத்து புதிதன்று. ஒலி மட்டுமே புதிது.

இனி ஆச்சியை மயக்கிய வாக்கியத்துக்கு வருவோம். மாணவர்கள் இதனைக் கவனித்துப் படிக்க வேண்டும். கொரிய மொழியில் ‘பப்’ என்றால் சோறு. சோற்றைக் குறிக்கும் அச்சொல்லே உணவு முழுவதையும் குறிக்கும். ‘மொகொஸ்ஸொயோ’ என்பது ‘சாப்பிட்டீர்களா?’ என்பதாகும். அப்படியாயின் ‘பப்’ எவ்வாறு ‘பம்’ ஆயிற்று? பின்வரும் சொல் மகரத்தில் தொடங்குவதால் வல்லொலி மெல்லொலியாகத் திரிந்தது. ‘கல்’லும் ‘மலை’யும் சேர்ந்து ‘கன்மலை’ ஆவதைப் படித்த மாணவனுக்கு இத்தகைய புணர்ச்சி வியப்பளிக்காது.

வாக்கிய அமைப்பும் நமக்கு இணக்கமானதே. "நானுன் பபுல் மொகொஸ்ஸொயோ" என்றால் "நான் சோற்றைச் சாப்பிட்டேன்" என்று பொருள். எழுவாய் முதலில், செயப்படுபொருள் நடுவில், பயனிலை இறுதியில். ‘பபுல்’ என்பதன் ஈற்றிலுள்ள ‘உல்’ நம் இரண்டாம் வேற்றுமை உருபு போலப் பெயரின் பின்னே ஒட்டி நிற்கிறது. ‘நானுன்’ என்பதோ நம் ‘நான்’ போலவே ஒலிக்கிறது. பிள்ளைகள் தந்தையை ‘அப்பா’ என்றும், தாயை ஏறக்குறைய ‘அம்மா’ என்றும் அழைக்கின்றனர்.

இவற்றைக் கண்டு உறவு கொண்டாட நம் மனம் துள்ளும். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூல் எழுதினார். ஆனால் இக்காலத்து மொழியறிஞர் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்பதில்லை. தாய் தந்தையரைக் குறிக்கும் மழலைச் சொற்கள் உலகின் பல மொழிகளிலும் ஒத்திருப்பவை. ஆகவே, கொரியர் நம் உறவினர் என்று பறைசாற்ற நாம் முற்படவில்லை. உறவினர் அல்லாத இருவர் ஒரே அன்பை ஒரே கேள்வியாற் கேட்கிறார்கள் என்பதுதான் நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அக்கேள்வியிலும் படிகள் உண்டு. தோழனிடம் ‘பப்’ சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். மதிப்புக்குரியவரிடம் கேட்கும்போது ‘பப்’ நீங்கி ‘சிக்ஸா’ என்ற சொல் வந்துவிடும். வீட்டுப் பாட்டனார் பாட்டியாரிடம் கேட்பதற்கோ ‘ஜிஞ்ஜி’ என்று வேறொரு சொல் இருக்கிறது. சோறு ஒன்றே, உண்பவருக்கேற்ப அதன் பெயர் உயர்கிறது. உறக்கத்துக்கும் அவ்வாறே. சிறுவன் உறங்குவதற்கு ஒரு வினைச்சொல். பெரியோர் துயில்வதற்கு வேறொரு வினைச்சொல். காலையில் எழுந்ததும் "நன்றாகத் துயின்றீர்களா?" என்று பெரியோரைக் கேட்பது அங்கே பிள்ளைகளின் கடமை.

நமக்கும் இத்தகைய சொற்கள் இல்லாமலில்லை. ‘அமுது செய்தல்’ என்கிறோம். ‘பள்ளி கொள்ளல்’ என்கிறோம். ஆனால் அவற்றை இறைவனுக்கும் அடியார்க்கும் என்று கோயிலுக்குள்ளே வைத்துவிட்டோம். கொரியர் அத்தகைய சொற்களை வீட்டு மூலையில் அமர்ந்திருக்கும் பாட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். இதிலே நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டென்று தோன்றவில்லையா?

சரி, உண்டாயா என்ற கேள்வி எவ்வாறு உபசாரமாயிற்று? வயிறு நிறைந்த நாட்டில் அது பிறந்திராது. கொரியாவில் முற்காலத்தே ஒரு சொல் வழங்கியது: ‘போரிட்கோகே’. ‘வாற்கோதுமைக் கணவாய்’ என்று அதனைத் தமிழாக்கலாம். இலையுதிர் காலத்தில் அறுத்த நெல் வசந்தத்தில் தீர்ந்துவிடும். வாற்கோதுமையோ கோடையின் தொடக்கத்திலேதான் முற்றும். இரண்டுக்கும் இடைப்பட்ட பட்டினி மாதங்களை, மலைக்கணவாயைக் கடப்பது போல மக்கள் மூச்சுப் பிடித்துக் கடந்தார்கள். 1950 முதல் 1953 வரை நடந்த போர் எஞ்சியதையும் அழித்தது. 1960-களிலும் இந்தக் கணவாய் முற்றாக மறையவில்லை. அத்தகைய நாட்களில் அயலாரைப் பார்த்துச் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டது வெறும் உபசாரமாக இருந்திருக்க முடியுமா?

சல்லியும் இத்தகைய கணவாயை அறியும். கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்றுக் கிளம்பிக் கடல் கொந்தளிக்கும்போது வள்ளங்கள் கரையேறிவிடும். கரைவலை சுருண்டு கிடக்கும். அக்காலத்தில் வேலிக்கு மேலாக ஒருத்தி மற்றொருத்தியை "உலை வைச்சாச்சோ?" என்று கேட்டால், அது பொழுதுபோக்குக்கான பேச்சன்று. "இல்லை" என்ற விடைக்கு அரைக்கொத்து அரிசி வேலி தாண்டி வந்துவிடும்.

கொரியப் போர் நடந்த காலத்திலே நம் இறப்பரின் விலை உயர்ந்தது, அரிசியோ அரிதாயிற்று. 1952-இல் இலங்கை சீனாவோடு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தம் செய்தது. 1953-இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது, ஓகஸ்ட் 12-ஆம் நாள் ஹர்த்தால் நடந்தது, நாடே கொதித்தது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையோரத்தைத் தாக்கியபின், முகாம்களிலே பாத்திரத்துடன் வரிசையில் நின்றவர்கள் "சாப்பிட்டாச்சோ?" என்று ஒருவரையொருவர் கேட்டபோது அக்கேள்வியின் பழம்பொருள் மீண்டது. 2022-இல் மண்ணெண்ணெய் கிடையாமல் படகுகள் கரையில் முடங்கிய மாதங்களிலும் மீண்டது. உபசாரச் சொற்கள் உறைக்குள் இருக்கும் கத்தி போன்றவை போலும். பஞ்சம் வரும்போது அவற்றின் கூர் தெரிகிறது.

இந்தக் கேள்வி தமிழருக்கும் கொரியருக்கும் மட்டும் உரியதன்று. "பத் கேவத?" என்று சிங்களவர் கேட்பதும் சோறு உண்டாயா என்பதே. சீனரும் அவ்வாறே கேட்பர். எங்கெல்லாம் மக்கள் நெல்லை நம்பி வானத்தைப் பார்த்தார்களோ, அங்கெல்லாம் இக்கேள்வி விளைந்திருக்கிறது.

உண்டாயிற்று, இனிப் புறப்படுவோம். விடைபெறும் முறையைக் கேட்டபோதுதான் நாம் பெரிதும் வியந்தோம். கொரிய வீட்டுப் பிள்ளை பாடசாலைக்குப் புறப்படுகையில் "தான்யொ ஓகெஸ்ஸும்னிதா" என்கிறது. அதன் பொருள் "போய் வருகிறேன்" என்பதாம்! தாய் "போய் வா" என்கிறாள். ‘போகிறேன்’ என்று ஒற்றைச் சொல்லிற் சொல்லிப் படியிறங்கினால் நம் தாய்மார் பதறிப்போவார்கள் அல்லவா? ‘வருகிறேன்’ என்ற உறுதிமொழியைப் பெற்றுக்கொண்ட பின்னரே படலையைத் திறந்துவிடுவார்கள். சிங்களவரும் "கிஹின் என்னங்" என்று இதையே சொல்கின்றனர். கொரியப் பிள்ளை இன்னும் ஒருபடி மேலே போய், மாலையில் வீடு திரும்பியதும் "போய் வந்துவிட்டேன்" என்றும் அறிவிக்கிறது. காலையிற் கொடுத்த வாக்கை மாலையில் நிறைவேற்றிக் கணக்கைத் தீர்த்துவிடுகிறது.

விருந்தினர் பிரியும் வேளையிலும் இருவகை வாழ்த்து உண்டு. செல்பவரை நோக்கி "அன்னியோங்ஹி காசேயோ", அதாவது "அமைதியோடு செல்லுங்கள்" என்பார்கள். செல்பவர், இருப்பவரை நோக்கி "அன்னியோங்ஹி கேசேயோ", அதாவது "அமைதியோடு இருங்கள்" என்பார். நாமும் "இருங்கோ, போயிட்டு வாறம்" என்றுதானே படியிறங்குகிறோம்? குளிர் தொடங்கும் காலத்தில் "தடிமன் பிடிக்காமற் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதும் அங்கே ஒரு விடைமொழி. "பனியிலே திரியாதே" என்று நம் அன்னையர் சொல்வதை ஒரு நாடு முழுவதும் சொல்கிறது என்க.

எல்லாம் ஒன்றுபோலவே இருந்துவிட்டால் இளைஞருக்குப் பாடம் எதற்கு? வேற்றுமைகளும் உள. வெளியே புறப்படும் ஒருவரைப் பார்த்து "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டால் போகிற காரியம் கெடும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் எண்ணம். கொரியாவிலோ அயலார் "ஒதி காசேயோ?" என்று அதையே வாழ்த்தாகக் கேட்பார்கள். புலன்விசாரணை என்று அஞ்ச வேண்டியதில்லை. "சற்று வெளியே" என்றாற் போதும். "ஒரு நாள் சேர்ந்து சாப்பிடுவோம்" என்று ஒருவர் சொன்னால், எந்த நாள், எத்தனை மணி என்று காத்திருக்கவும் கூடாது. "ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாங்கோ" என்று நாம் சொல்வதும் பல வேளைகளில் அத்தகையதே. கடையை விட்டு வெளியேறும்போது கடைக்காரரிடம் "சுகோ ஹாசேயோ" என்பார்கள். "உழைப்பு நன்றாக நடக்கட்டும்" என்பது போன்ற கருத்து. ஆனால் வயதில் மூத்தவரிடம் அதனைச் சொல்வது பண்பாகாது என்பர். உணவுக் கடையில் பரிமாறும் அம்மையாரை ‘இமோ’, அதாவது தாயின் சகோதரி என்று அழைப்பார்கள். முன்பின் அறியாதவரை ‘அக்கா’ என்று கூப்பிட்டுத் தேநீர் கேட்கும் நமக்கு இது கைவந்த கலை.

இவ்வளவும் கேட்டபின், "அப்படியானால் அது அன்பு நிறைந்த நாடுதான்" என்றோம். அன்பர் உடனே தலையசைக்கவில்லை.

"நாங்கள் அங்கு போய் முதலிற் கேட்ட சொல் அன்னியோங் அன்று, பல்லி பல்லி!" என்றார்.

நாம் அனிச்சையாகச் சுவரைப் பார்த்தோம். பல்லி சொல்வதற்குப் பலன் பார்க்கும் குலத்தில் வந்தவர்கள் அல்லவா? அன்பர் சிரித்தார். ‘பல்லி பல்லி’ என்றால் ‘விரைவு, விரைவு’ என்று பொருளாம். இயந்திரத்தின் ஓசைக்கு மேலாக நாள் முழுவதும் அதுவே கேட்குமாம்.

பின்பு அவர் சொன்னதை அவர் சொன்னவாறே சுருக்கித் தருகிறோம். கொரிய மொழியில் மரியாதையை உணர்த்துவது சொல்லின் ஈறு. ‘மொகொஸ்ஸொயோ?’ என்பது மரியாதை, ‘மொகொஸ்ஸொ?’ என்று ‘யோ’வை விட்டுவிட்டால் அது ‘பான்மால்’, அதாவது அரைப்பேச்சு. வா என்பதை ‘வாங்கோ’ ஆக்கும் நம் ‘கோ’வைப் போன்றது அவர்களின் ‘யோ’. வயதிற் குறைந்தவரிடமும் நெருங்கியவரிடமும் அரைப்பேச்சுப் பேசலாம். அந்நியரிடம் பேசினால் அவமதிப்பு. வெளிநாட்டுத் தொழிலாளர் பலர் மனம் புண்படுவது இங்கேதான். வயதில் இளைய கொரியரும் அவர்களிடம் ‘யோ’ இன்றிப் பேசிவிடுவதுண்டு.

அன்பர் வேலைசெய்த இடத்தில் மேற்பார்வையாளர் இருவர். ஒருவர் நாள்தோறும் முழு மரியாதையோடு "சாப்பிட்டீர்களா?" என்று எல்லோரையும் கேட்பார், கேட்டுக்கொண்டே நடந்து போய்விடுவார். மற்றவர் முதியவர். அவர் "பம் மொகொஸ்ஸொ?" என்று அரைப்பேச்சிலேயே கேட்பார். பாடப் புத்தகம் படித்துச் சென்ற நம் அன்பருக்கு முதியவர்மேற் கோபம். "என்னை மதிக்கவில்லை" என்று எண்ணிக்கொண்டாராம்.

பனிக்காலத்தில் ஒரு நாள். காய்ச்சலும் சோர்வுமாக, காலையில் ஒன்றும் உண்ணாமல் வேலைக்கு வந்திருந்தார். முதியவர் வழக்கம்போலக் கேட்டார். "சாப்பிட்டேன்" என்று இவரும் வழக்கம்போலச் சொன்னார். முதியவர் நகரவில்லை. முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "முவொ மொகொஸ்ஸொ?" என்றார். "என்ன சாப்பிட்டாய்?"

"அதற்கு விடை என்னிடம் இருக்கவில்லை" என்றார் அன்பர். முதியவர் வேறொன்றும் பேசாமல் உணவுக்கூடத்தின் பக்கம் கையைக் காட்டினாராம்.

மாணவர்கள் இவ்விடத்தில் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நம் வழக்கில் ‘நீ’ உண்டு, ‘நீர்’ உண்டு, ‘நீங்கள்’ உண்டு. தாயும் நம்மை ‘நீ’ என்கிறாள். அதிகாரத் தோரணையில் ஓர் அந்நியனும் ‘நீ’ என்கிறான். சொல் ஒன்றே. ஒன்று குளிர்விக்கிறது, மற்றொன்று சுடுகிறது. இலக்கண நூல் இவ்வேறுபாட்டைக் காட்டித் தராது. கேட்டவர் விடைக்காக நிற்கிறாரா, நடக்கிறாரா என்பதைப் பார்த்தே அறிய வேண்டும். இதைச் சொல்வதனால், மரியாதை ஈறு வேண்டாம் என்பது நம் கருத்தன்று. பரீட்சையிலும் வேலைத்தலத்திலும் ‘யோ’வை மறப்பவன் துன்பப்படுவான். ‘யோ’ இருந்துவிட்டால் மட்டும் அன்பு வந்துவிடாது என்பதையே சொல்கிறோம்.

இத்தனை நேரமும் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த அன்பரின் தாயார் இப்போது பேசினார். கொரியாவின் மணிக்கூடு நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முந்தியது. மாலை 4 மணிக்குச் சல்லியில் நின்று தொலைபேசியில் அழைத்தால் அங்கே இரவு 7.30. வேலை முடிந்து மகன் அறைக்கு வந்திருப்பான் என்று கணக்குப் பார்த்து அந்நேரத்திலேயே அழைப்பாராம்.

"சாப்பிட்டியா தம்பி எண்டு கேப்பன். சாப்பிட்டன் எண்டு சொல்லுவான். பிள்ளையள் எல்லாம் அப்பிடித்தானே சொல்லும்? அதனால என்ன கறி எண்டும் கேப்பன். கோழி எண்டான். அடுத்த நாளும் கோழி. ஒரு வெள்ளிக்கிழமையும் கோழி எண்டான். அம்மன்ர வெள்ளிக்கிழமை என்ர பிள்ளை கோழி தின்னமாட்டான். அண்டைக்குத்தான் எல்லாம் பொய் எண்டு கண்டன்."

அன்பர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அனுப்பும் பணத்தில் குறை வராதிருக்கத் தம் வயிற்றில் மிச்சம் பிடித்தேன் என்பதை ஐந்து ஆண்டுக்குப் பின்னும் தாயின் முன்னிலையிற் சொல்ல அவருக்கு நாவெழவில்லை. தாயாரும் அதற்குமேற் கேட்கவில்லை. தேநீர் கொண்டுவர உள்ளே சென்றுவிட்டார்.

ஆச்சியின் வினாவுக்கு விடை நமக்கு அப்போது கிடைத்தது. "சாப்பிட்டாயா?" என்று கேட்கப் படிக்க வேண்டியதில்லை, நாலு நாளில் நாக்கு அதனைப் பழகிக்கொள்ளும். எந்த மொழியிலும் அதற்கு விடையும் ஆயத்தமாக இருக்கிறது: "சாப்பிட்டேன்". உபசாரத்துக்கு உபசாரம் சரியாகிவிட்டது. அதன் பின்னே வரும் இரண்டாவது கேள்விதான் கடினமானது. "என்ன கறி?" என்று கேட்பவர் விடைக்காக நிற்க வேண்டும். விடையை நினைவில் வைத்திருக்க வேண்டும். நேற்றைய விடையோடு இன்றைய விடையை ஒப்பிட வேண்டும். வெள்ளிக்கிழமை எது என்று அறிந்திருக்க வேண்டும். பன்மொழி அறிந்த அந்த முதியவரும் அல்லர். பாடசாலையில் நெடுநாள் படித்த அந்தத் தாயாரும் அல்லர். ஆயினும் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலும் இப்பாலும் இருந்துகொண்டு இருவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

இன்று நம் வீடுகளில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. கைத்தொலைபேசியில் காலை வணக்கம் பூப்படத்தோடு வருகிறது; இரவு வணக்கம் நிலாப்படத்தோடு வருகிறது. "சாப்பிட்டாயா?" என்று எழுதி அனுப்புகிறோம், பெருவிரலை உயர்த்திய படம் ஒன்று விடையாக வருகிறது. நாமும் நிம்மதியாக உறங்கப் போகிறோம். கொழும்பில் அறையெடுத்துப் படிக்கும் மகளும், தோகாவில் வேலைபார்க்கும் மகனும், தனித்து வாழும் மூத்த தாயும் அந்தப் பெருவிரலுக்குப் பின்னே என்ன உண்டார்கள் என்பதை யார் கேட்கிறோம்?

வள்ளுவர் விருந்தோம்பலை 9-ஆம் அதிகாரமாகவும் இனியவை கூறலை 10-ஆம் அதிகாரமாகவும் அமைத்திருக்கிறார். சோறும் சொல்லும் அருகருகே இருக்க வேண்டியவை என்பதை அந்த வரிசையே நமக்கு நினைவூட்டுகிறது. சொல்லை மட்டும் அனுப்பிவிட்டுச் சோற்றைப் பற்றி விசாரியாமல் இருப்பது அழகன்று.

கொரியாவுக்குச் செல்லும் சல்லி இளைஞர்களுக்கு நாம் சொல்வது இதுவே: உபசார மொழிகளைப் பிழையின்றிக் கற்றுக்கொள்ளுங்கள், ஈறுகளை மறவாதீர்கள், உங்களைக் கேட்பவர் நின்று கேட்டால், உண்மையைச் சொல்லுங்கள். வீட்டில் இருப்போருக்குச் சொல்வதும் உண்டு. இன்று ஞாயிற்றுக்கிழமை. தூரத்தில் இருக்கும் உங்கள் பிள்ளையையோ பெற்றோரையோ அழைப்பீர்கள், "சாப்பிட்டாயா?" என்றும் கேட்பீர்கள். "சாப்பிட்டேன்" என்ற விடை வந்ததும் தொலைபேசியை வைத்துவிடாதீர்கள். இன்னொன்றும் கேளுங்கள்.

நாம் சல்லியை விட்டுப் புறப்படும்போது பொழுது சாய்ந்திருந்தது. "இருங்கோ, போயிட்டு வாறம்" என்றோம். விறாந்தையிலிருந்த நால்வரும் எழுந்து நின்று, கற்ற பாடத்தைப் பரீட்சித்துப் பார்க்கும் ஆவலோடு, "அன்னியோங்ஹி காசேயோ!" என்றார்கள். ஆச்சி மட்டும் படலைவரை வந்தார்.

"சாப்பிடாமப் போறியள்" என்றார்.

"சாப்பிட்டுத்தான் வந்தோம், ஆச்சி" என்றோம்.

ஆச்சி நம் முகத்தைப் பார்த்தார். "என்ன கறி?" என்றார்.

அன்று நாம் சல்லியிலேதான் சாப்பிட்டோம். சூடைமீன் குழம்பும் சொதியும்.